பழைய இரும்புக்குப் போகும் மலைச் சைக்கிள்கள்

ஜொகூரில் பழைய சைக்கிள் சேர்ப்பவர் வீட்டு வாசலில் நிற்பது பெரும்பாலும் கறுப்பு வண்டிதான். ராலே, ரட்ஜ், ஹம்பர், ஹெர்குலிஸ் என்று பெயர்கள் மாறலாம். 28 அங்குலச் சக்கரமும், இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்கும், டயரில் உரசி விளக்கெரிக்கும் டைனமோவும் மாறுவதில்லை. குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டோடு பால்மரம் சீவப் போனவர்களையும் அவர்களுடைய பால் வாளிகளையும் சுமந்த வண்டி அது. அதைத் தேடிப் பிடித்து, துடைத்து, ஊர்வலங்களில் ஓட்டிக் காட்ட நாடு முழுக்க 'பாசிக்கால் துவா' (பழைய சைக்கிள்) குழுக்கள் இருக்கின்றன. அந்த மரியாதை அதற்குத் தகும்.

அதே ஊர்களில் 1990வாக்கில் செய்த மலைச் சைக்கிள் கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

'அதுக்கு என்ன பெரிய வயசு?' என்பதுதான் பொதுவான கேள்வி. 35 வயது ஆகிவிட்டது. 1950களின் ராலேயை 1980களில் ஒருவர் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பாரோ, அந்த இடத்தில்தான் இன்று இந்த வண்டி நிற்கிறது. ஃபிரேம் நல்ல குரோமோலி எஃகு. பாகங்களைக் கழற்றலாம், கழுவலாம், மீண்டும் பூட்டலாம். மூடி ஒட்டி, பழுதானால் தூக்கிப் போடச் சொல்லும் பாகங்கள் பெருகுவதற்கு முன்னால் வந்த கடைசித் தலைமுறைகளில் இதுவும் ஒன்று. ஜொகூர் இதைக் கைவிடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஷிமானோ பாகங்களின் பின்பக்கத்திலேயே பொறித்திருக்கிறது.

ஷிமானோ 1921இல் ஒசாகாவை அடுத்த சக்காய் நகரில் தொடங்கிய நிறுவனம். வாளும் துப்பாக்கியும் அடித்த கொல்லர்களின் ஊர் அது. ஜப்பானுக்கு வெளியே அந்த நிறுவனம் முதலில் ஆலை அமைத்த இடம் சிங்கப்பூர், ஆண்டு 1973. பின்னர் நீரிணையைத் தாண்டி ஜொகூரின் பொந்தியானிலும் ஆலை வந்தது. அதனால்தான் உலகின் எந்த மூலையில் ஒரு பழைய மலைச் சைக்கிளைக் கழற்றினாலும், ஹப்பிலோ பிரேக் கையிலோ சங்கிலியைத் தள்ளும் டிரெய்லியரின் உட்புறத்திலோ 'சிங்கப்பூர்' அல்லது 'மலேசியா' என்ற எழுத்து பல வேளைகளில் கண்ணில் படுகிறது. ஜெர்மனியில் ஒருவர் தன் நிலவறையில் பழுதுபார்க்கும் வண்டியிலும் அது இருக்கும். கலிஃபோர்னியாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் வண்டியிலும் இருக்கலாம். தோட்டங்கள் துண்டுபட்டு தாமான்களாக மாறி, பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் ஆலை வேலைக்குப் பேருந்து ஏறிய காலத்துப் பொருள் இது. கறுப்பு ராலே தோட்டத்தின் நினைவு என்றால், இந்த வண்டி அதற்கு அடுத்த தலைமுறையின் கைவேலை. ஒன்றைப் போற்றி மற்றதை உருக்க அனுப்புவது சரியான கணக்காகத் தெரியவில்லை.

ஷிமானோ பாகங்களில் வேறொரு குறிப்பும் இருக்கும்: இரண்டே ஆங்கில எழுத்துகள், மிகச் சிறியவை. முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' என்றால் 1976, 'பி' என்றால் 1977 என்று வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் 'ஓ' 1990, 'ஆர்' 1993, 'டி' (T) 1995. எழுத்துகள் தீர்ந்து 2002இல் மறுபடி 'ஏ' வந்துவிடும். மாதத்துக்கு 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். ஆகவே பிரேக் கையின் அடியில் 'ஆர்' (R), 'டி' (D) என்று இரண்டெழுத்து இருந்தால் அது 1993 ஏப்ரலில் வார்த்தது. நான்கைந்து பாகங்களின் எழுத்துகள் சில மாத இடைவெளிக்குள் அமைந்தால், வண்டி ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பின் டிரெய்லியர் மட்டும் ஆறு வருடம் இளையது என்றால் நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். விற்பவர் சொல்லும் கதையைவிட இந்த எழுத்துகளை நம்பலாம்.

மலைச் சைக்கிளின் பிறப்புக் கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகவே போதும். கலிஃபோர்னியாவின் மரின் கௌண்டியில் டமால்பைஸ் மலைப் பக்கம் சில இளைஞர்கள் 1930, 40களின் கனத்த ஷ்வின் வண்டிகளை மலையேற்றி, மண்பாதையில் கீழே விட்டார்கள். 1976 அக்டோபரில் அதைப் பந்தயமாகவே நடத்தினார்கள். பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. பின்சக்கர ஹப்புக்குள் இருந்த பிரேக் இறக்கத்தில் சூடேறி, கிரீஸ் முழுக்கப் புகைந்துவிடும்; ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஃபிரேம் ஒட்டினார். டாம் ரிச்சி செய்த ஃபிரேம்களை கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் வண்டியை ஜப்பானில் செய்து கொண்டுவந்தபோதுதான் இது எல்லாரும் கடைக்குப் போய் வாங்கக்கூடிய பொருளானது. மறு ஆண்டே ஷிமானோவின் டியோர் எக்ஸ்டி பாகத் தொகுதியும், ஜப்பானுக்குள் அராயாவின் மட்டி ஃபாக்ஸ் வண்டியும் வந்தன. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டி, 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக். இருபது வருடத்தில் மலைச்சரிவு விளையாட்டு ஒலிம்பிக் மைதானம் போய்ச் சேர்ந்தது.

சேகரிப்பவர்கள் அதிகம் விரும்பும் காலம் 1980களின் நடுவிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை. அந்தப் பத்தாண்டில் ஆண்டுக்கு ஆண்டு எல்லாமே மாறிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் தள்ளும் கியர் நெம்புகோல் போய், ஹேண்டில்பாரின் அடியில் இரண்டு விசைகள் வந்தன. பின்பல்சக்கரங்கள் ஆறு, ஏழு, எட்டு என்று பெருகின. நீள்வட்டமாக வெட்டிய முன்பல்சக்கரம் ஒன்று பெரிய ஆரவாரத்தோடு வந்து மறைந்தது. முன்ஃபோர்க்கில் ஸ்பிரிங் வந்தது. இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் சன்டூர் என்ற அருமையான ஜப்பானிய நிறுவனம் நசுங்கிப் போனது. இன்றைக்கு ஏறத்தாழ எல்லா டிரெய்லியரும் பின்பற்றும் சாய்ந்த இணைகர அமைப்பு சன்டூருடையது. 1964இல் காப்புரிமை பெற்றார்கள், 1984இல் அது காலாவதியானதும் ஷிமானோ அதை எடுத்து, கிளிக் கிளிக்கென்று துல்லியமாக நிற்கும் விசையோடு சேர்த்து முன்னேறிவிட்டது. சன்டூர் எக்ஸ்சி ப்ரோ தொகுதி முழுதாக அமைந்த வண்டி ஒன்று கையில் கிடைத்தால், அதில் ஷிமானோ பாகத்தைக் கலக்காமல் இருப்பது அந்த நிறுவனத்துக்குச் செய்யும் நீதி.

இவை ஜொகூருக்கு எப்படி வருகின்றன? பெரும்பாலும் இரண்டு வழி. முதலாவது, 1924இல் திறந்த ஜொகூர் பாலம். சிங்கப்பூரில் வீடு சிறியது. அடுக்குமாடி நடைபாதையில் சங்கிலி போட்டு மறந்த வண்டிகள் ஒருநாள் அகற்றப்பட்டு, கைமாறி இக்கரை வந்துவிடுகின்றன. இரண்டாவது, ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய சரக்கு. நாற்காலி, மின்விசிறி, மீன்தூண்டில் ஆகியவற்றோடு பிரிட்ஜ்ஸ்டோன், பானசோனிக், மியாதா வண்டிகளும் இறங்குகின்றன. ஜொகூர் பாருவின் பாசார் காராட் இரவுச் சந்தையிலோ, ஸ்கூடாய், மாசாய் பக்கத்துப் பழைய சாமான் கடைகளிலோ, கைப்பேசி விற்பனைத் தளங்களிலோ அவை மறுபடி தலைகாட்டும். விற்பவருக்கு அது 'கியர் சைக்கிள்'. வாங்கத் தெரிந்தவர் ஸ்டிக்கரைப் பார்ப்பதில்லை, குனிந்து ஃபிரேமின் பின்முனைகளைப் பார்ப்பார். சக்கர அச்சு உட்காரும் இடம் தட்டையான தகடாக நசுக்கப்பட்டிருந்தால் மலிவு வண்டி. வார்த்த தனித்துண்டாக ஒட்டப்பட்டிருந்தால் கை வைக்கலாம். சீட்டுக் குழாயில் 'டாங்கே' அல்லது 'ரிச்சி' என்று குழாய் செய்தவர் பெயர் மிச்சமிருந்தால் இன்னும் நல்லது.

வாங்கியது எளிது. வேலை இனிமேல்தான்.

ஜொகூரின் ஈரக் காற்று எஃகுக்கு எதிரி என்பது தெரிந்ததே. ஆனால் வெளியே தெரியும் துரு பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. பெயின்ட் உரிந்த இடத்துச் செம்புள்ளிகளை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் நனைத்த துணி போட்டு எடுத்துவிடலாம். கையுறை மட்டும் கட்டாயம். உள்ளே தேங்கும் நீர்தான் ஃபிரேமைத் தின்கிறது. மழை சீட்டுக் குழாய் வழியே இறங்கி, பெடல் அச்சு இருக்கும் குழிக்குள் தங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் வெளியே நின்ற வண்டியின் சீட்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால் கறுத்த நீர் கொட்டும். வெள்ளத்தில் கிடந்த வண்டி என்றால் இன்னும் மோசம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியது. 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட், யோங் பெங் பக்கமெல்லாம் நீரில் நின்றது. வெள்ளம் வெறும் நீரைக் கொண்டுவருவதில்லை, மெல்லிய சேற்றையும் எல்லா பேரிங்குக்குள்ளும் செலுத்திவிடுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் 'சக்கரம் சுற்றுதே' என்று திருப்தி அடையக்கூடாது. ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து மூன்றையும் பிரித்து, குண்டுகளை மாற்றி, புதுக் கிரீஸ் வைத்துத்தான் ஓட்டவேண்டும். அந்தக் காலத்து ஹப்புகளில் குண்டுகள் தளர்வாக, தனித்தனியாக இருப்பவை, விலையும் அற்பம். ஷிமானோ அதே கிண்ணமும் கூம்பும் முறையை வெகுகாலம் விடாமல் வைத்திருந்தது நமக்குக் கிடைத்த பேறு.

பெடல் அச்சைக் கழற்றும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: பல்சக்கரம் உள்ள வலப்பக்கத்துக் கிண்ணத்தின் மரை எதிர்த் திசையில் வெட்டப்பட்டது. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் அது கழலும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி எதிர்ப்பக்கம் முறுக்கி, மரையையே நாசமாக்கிய ஃபிரேம்கள் பழைய இரும்புக் கடையில் ஏராளம்.

இறுகிப்போன சீட் போஸ்ட் இன்னொரு சோதனை. எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு. இரண்டுக்கும் நடுவில் ஈரமும் வியர்வையின் உப்பும். இவையெல்லாம் சேர்ந்தால் இரு உலோகங்களுக்கிடையே மெல்லிய மின்வேதி அரிப்பு நடந்து, அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொங்கித் தண்டைக் கவ்விக்கொள்ளும். சுத்தியால் அடிப்பது வீண். ஊடுருவும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு, நாட்கணக்கில் காத்திருந்து, தண்டின் தலையை பெஞ்ச் வைஸில் இறுக்கி, ஃபிரேமையே நெம்புகோலாகப் பிடித்து மெல்லத் திருப்புவதுதான் வழி. அசையும்போது பெரிய சத்தம் வரும், பயப்படவேண்டாம். கழன்ற தண்டை அளவெடுத்துக் குறித்துக்கொள்வதும் முக்கியம். அந்தக் காலத்தில் 26.4இலிருந்து 27.2 மில்லிமீட்டர் வரை 0.2 இடைவெளியில் பல அளவுகள் புழங்கின. சிறியதை மாட்டினால் குழாயின் வாய் நாளடைவில் விரிந்துவிடும்.

கியர் விசைகள் கிளிக் ஆகாமல் வெறுமனே ஆடுகின்றனவா? பெரும்பாலும் உடைந்திருக்காது. 1990களின் ரேப்பிட்ஃபயர் விசைக்குள் ஆலையில் வைத்த கிரீஸ் 30 வருடத்தில் மெழுகாக இறுகி, உள்ளிருக்கும் சின்னப் பற்களை ஒட்டிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்து, டபிள்யூடி-40 போன்றதைத் தாராளமாக அடித்து, பழைய கிரீஸ் கரைந்து ஓடும்வரை விசையை அழுத்திக்கொண்டே இருந்து, பிறகு மெல்லிய எண்ணெய் விட்டால் பல விசைகள் உயிர்பெற்றுவிடும். 'இது செத்துடுச்சு அங்கள், வேற மாத்திக்குங்க' என்று கடைப் பையன் சொன்ன விசையும் இப்படி மீண்டுவரக்கூடும். அதற்கும் முந்தைய கட்டைவிரல் நெம்புகோல்களில் இந்தத் தொல்லையே இல்லை. சேகரிப்பவர்கள் அவற்றுக்கு அதிக விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

ஸ்பிரிங் ஃபோர்க்குகளைப் பற்றி நல்ல சேதி சொல்ல முடியவில்லை. 1990களின் பல ஃபோர்க்குகளில் உலோகச் சுருளுக்குப் பதிலாக ரப்பர் போன்ற எலாஸ்டமர் துண்டுகள் இருந்தன. வெப்பமண்டலத்தில் அவை பிசுபிசுத்துக் கூழாகிவிடும், அல்லது கல்லாகும். மாற்றுத் துண்டு தேடி அலைவதைவிட, ஆரம்பத்திலேயே ஸ்பிரிங் இல்லாத எஃகு ஃபோர்க் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுப்பது மேல். ஓட்டுவதற்கும் அதுதான் அழகு.

பெயின்ட் விஷயத்தில் இங்கே ஒரு பழக்கம் வலி தருகிறது. ஃபிரேம் கிடைத்ததும் சுரண்டி, தூள்பூச்சு அடுப்புக்கு அனுப்பி, பளபளவென்று ஒரே நிறத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பு ராலேக்காரர்களிடமிருந்து தொற்றிய பழக்கமாக இருக்கலாம். 1990வாக்கின் மலைச் சைக்கிளுக்கு அந்த நிறமே அடையாளம்: ஊதாவிலிருந்து இளஞ்சிவப்புக்கு மங்கும் பூச்சு, தெறித்த புள்ளிகள், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் எழுத்து. அந்தப் பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். அச்சிட்டு ஒட்டும் புது ஸ்டிக்கர் அந்த இடத்தை நிரப்புவதில்லை. கீறல் இருக்கட்டும். துருவை நிறுத்தி, மெழுகு தேய்த்து, உள்ளே ஆளிவிதை எண்ணெய் சுழற்றி விட்டால் ஃபிரேம் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும்.

உதிரிப்பாகம் கிடைக்காது என்ற அச்சமும் பாதி பொய்தான். உலகச் சந்தை 29, 27.5 அங்குலச் சக்கரங்களுக்குப் போய்விட்டது உண்மை. ஆனால் ஜொகூரின் சிற்றூர்க் கடைகளில் 26 அங்குல டயரும் டியூபும் இன்றும் தொங்குகின்றன, ஏனென்றால் மலிவு வண்டிகள் அந்த அளவை விடவில்லை. ஏழு பல்சக்கரக் கேசட்டும் அதற்கான சங்கிலியும் இன்னும் உற்பத்தியாகின்றன. உதிரிப்பாகத்துக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானியப் படையின் காலாட்கள் சைக்கிளில் தெற்கே உருண்டு வந்து, 1942 ஜனவரி 31இல் ஜொகூர் பாருவைத் தொட்டார்கள். மலாயாவெங்கும் மலிவு ஜப்பானிய சைக்கிள்கள் முன்பே விற்றிருந்ததால் மாற்றுப் பாகம் எங்கும் கிடைத்தது. டயர் கிழிந்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். அந்த வரவு எத்தனை பேரைச் சயாம் மரண ரயில்வேக்குக் கொண்டுபோனது என்பது ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும். எளிதில் பழுதுபார்க்கக்கூடிய இயந்திரத்தின் வலுவை இந்த ஊர் அவ்வளவு கசப்பாக அறிந்திருக்கிறது.

பழைய ஃபிரேம்களும் பாகங்களும் இங்கே போகும் இன்னோர் இடத்தையும் பேசாமல் விடமுடியாது. 'பாசிக்கால் லாஜாக்' என்று பிள்ளைகள் அழைக்கும் மாற்றுவண்டிகள்: சீட்டும் கைப்பிடியும் தாழ்த்தியவை, பல வண்டிகளில் பிரேக்கே கிடையாது. 2017 பிப்ரவரி 18 அதிகாலை, ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாமில் இப்படிப்பட்ட வண்டிகளில் திரண்டிருந்த பிள்ளைகள் கூட்டத்தோடு ஒரு கார் மோதியதில் எட்டுப் பேர் இறந்தார்கள். எல்லாரும் பதின்ம வயதினர். அந்த வழக்கு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. இங்கே சொல்ல விரும்புவது ஒன்றுதான். அந்த வண்டிகளைப் பிரித்து, வெட்டி, மாற்றியமைத்த கைகளுக்குத் திறமை இருந்தது. பேரிங்கைத் திறக்கவும் சங்கிலியை அளவாக வெட்டவும் பதிமூன்று வயதில் தெரிந்த பிள்ளைக்கு, அதே திறமையை வைத்து ஒரு வண்டியை முழுமையாக்கும் இடம் ஊரில் வேண்டும். தாமானில் கராஜ் வைத்துப் பழைய வண்டி பூட்டும் பெரியவர்கள் கதவைத் திறந்து வைத்தாலே அது தொடங்கிவிடும். முதல் பாடம் கேன்டிலீவர் பிரேக்காக இருக்கட்டும். பிரேக் கட்டை ரிம்மில் சமமாகப் படியவும், குறுக்குக் கேபிள் சரியான கோணத்தில் நிற்கவும் பொறுமை வேண்டும். ஒழுங்காக அமைத்தால் அந்தப் பழைய பிரேக் இன்றும் வண்டியை நம்பகமாக நிறுத்தும்; 30 வருடக் கட்டைகளை மட்டும் முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும்.

பூட்டிய வண்டியை எங்கே ஓட்டுவது? ஸ்கூடாய் அருகே முத்தியாரா ரினி நகர்ப்புறக் காட்டில் வேரும் மேடும் நிறைந்த பாதைகள் உண்டு. வார இறுதிகளில் நடப்பவர்கள் அதிகம் என்பதால் காலையிலேயே போவது நல்லது. நீரிணைக்கு அப்பால் புலாவ் உபினில் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா 2008இலிருந்து இருக்கிறது. இவற்றைவிடப் பழைய வண்டிக்கு மிகப் பொருத்தம் கூலாய், லாயாங் லாயாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் லோரிப் பாதைகள்தான். செம்மண், நிழல், நீண்ட மெல்லிய ஏற்றங்கள். ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கும் 1.95 அங்குல டயரும் அதற்குப் போதும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போகவேண்டும். வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முட்கள் டயரை எளிதாகத் துளைத்துவிடும், ஆகவே டியூப் இரண்டு கையில் இருக்கட்டும். முக்கியமாக, ரிம்மில் மெல்லிய வால்வுக்கான சின்னத் துளை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்து வாசல் கடையில் கிடைக்கும் டியூபின் கார் வால்வு அந்தத் துளைக்குள் நுழையாது.